ஜெனரேற்றரின் சத்தம்: யாழ்ப்பாணத்து வளவுகளிலிருந்து ஒக்லாந்துக் கடற்கரை வரை

கோடை விடுமுறை நெருங்குகிறது. நத்தார் முடிந்த கையோடு ஒக்லாந்தில் பாதிப்பேர் காரின் பின்னால் ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு கடற்கரைப் பக்கம் புறப்பட்டுவிடுவார்கள். இப்போது எங்கள் ஆட்களும் போகிறோம். கூடாரம், பாய், தலையணை எல்லாம் ஏறுமுன்பே எங்கள் ட்ரெயிலரில் இரண்டு சாமான் ஏறிவிடும்: ஒன்று ரைஸ் குக்கர், மற்றது அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு ஜெனரேற்றர்.

"அண்ணா, சத்தம் குறைந்த, விலையும் கட்டுப்படியான ஜெனரேற்றர் எது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் இங்கே நான் எழுதுவது சரித்திரம் என்பதால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். கடைக்குப் போகுமுன் இன்னொரு கேள்விக்கும் பதில் தெரிந்திருப்பது நல்லது. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர் முகம் சுளிக்கிற அதே சத்தத்தைக் கேட்டபடி எங்கள் அப்பாமார் எப்படி நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்கள்?

கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஜெனரேற்றர் அவ்வளவு பழைய பொருள் அல்ல. அதற்கு முந்தியவை லொறியில் ஏற்றிப் போகிற பாரமான இயந்திரங்கள். இராணுவம், சினிமாப் படப்பிடிப்பு, பெரிய கட்டட வேலை போன்றவற்றுக்குத்தான் கட்டுப்படியாகும். ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் ஈ300 என்ற சிறிய ஜெனரேற்றரை விற்பனைக்கு விட்டது 1965இல். 300 வாற் அளவு, ஒரு கைப்பிடி, ஒருவர் தூக்கிவிடலாம். சின்ன எஞ்சினை மலிவாகவும் நம்பகமாகவும் செய்யத் தெரிந்த ஜப்பானிய நிறுவனங்கள் அதே கைப்பழக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின்களையும் செய்தன. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் துலாவையும் சூத்திரத்தையும் ஓரம்கட்டியவை மண்ணெண்ணெயில் ஓடிய அந்த இறைப்பு மிசின்கள்தான். விடியற்காலையில் தோட்டப் பக்கமிருந்து வரும் "டக் டக்" சத்தம் எங்கள் தாத்தாமாருக்கு வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் போகிறது என்ற செய்தி. ஆகவே, சின்ன எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பிறகு வந்த காலத்துக்கு இந்தக் கைவேலைதான் உதவியது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. ஒரு நாள், ஒரு கிழமை என்று அல்ல. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தெருவில் நடந்தபோதும் அந்த மின்சாரம் திரும்பியிருக்கவில்லை. கூடவே அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்டியலில். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. விலையோ வாயில் வைக்க முடியாது.

அப்பா உயர்தரம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. போத்தலின் கண்ணாடியே சிமினி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். சற்று யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு ஜெனரேற்றர்தான். எரிபொருள் மட்டும் அண்ணன் தம்பிமாரின் கால். மோட்டார் சைக்கிள்களுக்குச் சின்னப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஜெனரேற்றருக்கும் அதே வைத்தியம். வெள்ளைப் புகையும் கண்ணெரிச்சலுமாக ஓடும்.

வீட்டுக்கு வீடு ஜெனரேற்றர் இருந்தது என்று நினைக்கவேண்டாம். அது வாடகைச் சாமான். கலியாண வீடு, கோயில் திருவிழா, அடுத்தது படம். பத்துப் பதினைந்து வீட்டுக்காரர் காசு சேர்த்து ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு ஜெனரேற்றர் மூன்றையும் ஓரிரவுக்கு எடுப்பார்கள். எடுத்த காசுக்கு மூன்று படமாவது ஓடவேண்டும். எந்த வளவில் படம் ஓடுகிறது என்று யாரும் விலாசம் கேட்பதில்லை. இருட்டுக்குள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சரி. மண்ணெண்ணெய் தீர்ந்து கதாநாயகன் பாதிச் சண்டையில் நின்றுவிட்ட கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

அதே சத்தத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஜெனரேற்றர் ஓடும்போது பொம்பர் வருவது காதில் விழாது. அதனால் படம் ஓடும் வீட்டில் ஒருவர் தள்ளிப்போய், சத்தம் எட்டாத இடத்தில் வானத்தைக் கேட்டபடி இருப்பாராம். அப்பா பல தடவை அந்தக் காவலுக்குப் போயிருக்கிறார். "சத்தம் குறைஞ்ச மிசின் ஒண்டு இருந்திருந்தா நானும் முழுப் படம் பாத்திருப்பன்" என்று இன்றும் சொல்வார்.

அப்பா ஒக்லாந்துக்கு வந்தது 1996இல். சரியாக இரண்டு வருடம். 1998 ஜனவரியில் ஒக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு பெரிய நிலக்கீழ்க் கேபிள்களில் ஒன்று பழுதானது. பெப்ரவரி 9இல் இரண்டாவது. இந்த இரண்டும் நாற்பது வருடப் பழசு. எஞ்சிய இரண்டின் தலையில் முழுச் சுமையும் விழுந்தது. அது வெயில் கொளுத்திய கோடை, கட்டடமெல்லாம் குளிரூட்டி. பெப்ரவரி 19இல் மூன்றாவதும், அடுத்த நாள் நான்காவதும் போயின. பணக்கார நாடொன்றின் மிகப் பெரிய நகரத்தின் நடுப்பகுதி இருண்டது. நெருக்கடி ஐந்து கிழமை நீடித்து, மார்ச் 27இல்தான் முடிந்தது. பென்ரோஸிலிருந்து ரயில் பாதையோரமாக அவசர அவசரமாக இழுத்த தற்காலிக மின்கம்பி வழியாக மின்சாரம் வந்தது. நகர மையத்தில் வேலைசெய்த ஏறத்தாழ 74,000 பேரில் 60,000 பேர் அந்த நாட்களில் வீட்டிலிருந்தோ வேறு இடங்களிலிருந்தோ வேலை செய்தார்கள். அங்கே அடுக்குமாடிகளில் குடியிருந்த 6,000 பேரில் பெரும்பாலானோர் வேறு தங்குமிடம் தேடவேண்டி வந்தது. துறைமுகத்தில் யூனியன் ரொட்டொருவா என்ற கப்பலைக் கட்டி, அதன் எஞ்சினிலிருந்துகூட நகரத்துக்குக் கரண்ட் எடுத்தார்கள்.

குயீன் வீதி முழுக்க ஜெனரேற்றர்கள். கடை வாசலில், நடைபாதையில், சந்துகளில், சின்னதும் பெரியதுமாக, எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. டீசல் புகை கட்டடங்களுக்கு நடுவே கிடந்து சுழன்றது. அப்பா அப்போது அந்தப் பக்கத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் இரவு வேலை செய்தார். வீதியில் இறங்கி நடந்த முதல் இரவு அவருக்குச் சிரிப்பு வந்ததாம். "கடல் கடந்து வந்தும் இது விடுகுதில்லை" என்று யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதினார். பிறகு உணவகம் பூட்டி, வாடகை கட்டுவதற்கு நண்பர்களிடம் கடன் வாங்கியதில் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த நெருக்கடிக்குப் பிறகு விசாரணைக் குழு வந்தது, பென்ரோஸிலிருந்து நகரத்துக்கு ஒன்பது கிலோமீற்றர் நீளக் கேபிள் சுரங்கமும் வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒக்லாந்துக்காரருக்கு அந்த உறுமல் "ஏதோ பிழைத்துவிட்டது" என்ற சத்தம். அப்பாவின் தலைமுறைக்கு அது "எங்கேயோ வெளிச்சம் இருக்கிறது" என்ற சத்தம். கடற்கரையில் அவர் நிம்மதியாகத் தூங்குவதும் பக்கத்துக் கூடாரக்காரர் புரண்டு படுப்பதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

இனி மிசினுக்கு வருவோம். பழைய ஜெனரேற்றர்கள் ஏன் அப்படிக் கத்தின? நியூசிலாந்திலும் இலங்கையிலும் மின்சாரம் ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வரும். வழமையான சிறிய ஜெனரேற்றரில் அந்த 50 எஞ்சினின் சுழற்சியிலிருந்து நேராக வருகிறது; அதற்கு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றியே ஆகவேண்டும். ஒரேயொரு பல்பு எரிந்தாலும் அதே வேகம், அதே இரைச்சல். 1990களின் கடைசியில் கையில் தூக்கும் அளவுக்கு வந்து பரவிய இன்வேர்ட்டர் வகை இந்தக் கட்டை அவிழ்த்தது. அதில் எஞ்சின் தரும் மின்சாரம் முதலில் நேரோட்டமாக மாறுகிறது. பிறகு மின்னணுச் சுற்று அதைச் சுத்தமான 50 ஆக மாற்றித் தருகிறது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் பரவாயில்லை என்பதால், சுமை குறைந்தால் அதுவும் மெதுவாக ஓடும். சத்தம் குறையும், பெற்றோல் மிச்சம், மடிக்கணினிக்கும் கேடில்லை. முகாமுக்கு வாங்குவதென்றால் இன்வேர்ட்டர் வகைதான், இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

எவ்வளவு பெரியது? இங்கேதான் ரைஸ் குக்கர் வழக்கைத் தீர்மானிக்கிறது. கைபேசிகள், எல்ஈடி விளக்கு, ட்ரெயிலரில் வைக்கும் 12 வோல்ற் குளிர்ப்பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் 150 வாற் தாண்டுவது அரிது. நாலைந்து பேருக்குச் சோறு வடிக்கும் குக்கர் 500 வாற் பக்கம் கேட்கும். ஒரு கேவிஏ மிசின் அதைச் சமாளிக்கும். ஆனால் வீட்டுக் கேத்திலைக் கொழுவினீர்களோ, அது 2,000 வாற்றுக்கு மேலே. மிசின் உடனே கையை விரித்துவிடும். தேத்தண்ணிக்காக இரண்டு கேவிஏ வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். ஒரு காஸ் அடுப்புப் போதும். சோற்றையும் அதிலேயே வடித்தால் ஜெனரேற்றரே தேவையில்லை என்று அம்மா சொல்வதை அப்பா காதில் வாங்குவதில்லை. பாரத்தையும் பாருங்கள்: ஒரு கேவிஏ வகை ஏறத்தாழ 13 கிலோ, ஹொண்டாவின் ஈயூ22ஐ போன்ற இரண்டு கேவிஏ வகை 21 கிலோ.

சத்தத்தை விளம்பரத்தில் டெசிபெல் என்று போடுவார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பவேண்டாம். 7 மீற்றர் தூரத்தில் அளந்ததா, இயந்திரத்தின் மொத்த ஒலிவலுவா என்று பாருங்கள். ஒரே மிசினுக்கு இந்த இரண்டு எண்ணும் ஏறத்தாழ 25 டெசிபெல் வித்தியாசப்படும். கால் சுமையில் அளந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு, முழுச் சுமையின் எண்ணைச் சின்ன எழுத்தில் ஒளித்துவைப்பதும் வழக்கம். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபெல் குறையும். நல்ல நீளமான, வெளியில் பாவிக்கத் தகுந்த கேபிள் ஒன்று வாங்கினால் சில நூறு டொலர் விலைகூடிய மிசின் தருகிற அமைதியில் பாதி கிடைத்துவிடும்.

பெயர்பெற்ற ஜப்பானிய மிசின்கள் விலைதான். இணையச் சந்தையில் பாவித்தது வாங்குவதென்றால், போகுமுன் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று இழுவையில் உயிர் பெறவேண்டும். கையோடு ரைஸ் குக்கரைக் கொண்டுபோய்க் கொழுவிப் பாருங்கள். எண்ணெய் தார்போலக் கறுத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது திரும்பி வாருங்கள். வருடத்தில் ஒரேயொரு பயணம்தான் என்றால் வாடகைக் கடையில் எடுப்பது புத்தி. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள்.

ஒன்றை மட்டும் கட்டளையாகவே சொல்கிறேன். சத்தத்தை அடக்குவதற்காக ஜெனரேற்றரைப் பெட்டிக்குள்ளோ, ட்ரெயிலருக்குள்ளோ, கூடாரத்தின் தாழ்வாரத்திலோ வைத்து ஓடவிடாதீர்கள். மழை பெய்தாலும்தான். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். படுக்கிற இடத்திலிருந்து தள்ளி, காற்று உங்களை விட்டு அப்பால் அடிக்கும் பக்கத்தில், புகைக்குழாயை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். பெற்றோல் ஊற்றுவது மிசின் ஆறிய பிறகு. இரவில் ஜெனரேற்றர் ஓடக்கூடாது என்பது பல முகாமிடங்களின் விதி, சில இடங்களில் பகலிலும் கூடாது; இடம் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

"சூரியத் தகடும் பற்றரிப் பெட்டியும் வந்த காலத்தில் ஏன் இந்தப் புகை?" என்பீர்கள். இரண்டு இரவுக்கு அதுவே போதும், நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் 2023 பெப்ரவரியில் கப்ரியேல் சூறாவளி வந்தபோது வடதீவில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனது, நாடு தழுவிய அவசரநிலை அறிவிக்கப்பட்டது, ஒக்லாந்தின் மேற்குக் கரையில் முரிவாயிலும் பிஹாவிலும் மண் சரிந்தது. அந்த நாட்களில் வானத்தில் வெயிலே இல்லை. எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியையும் பக்கத்து வீட்டுக் கிழவியின் குளிர்ப்பெட்டியையும் மாறி மாறி ஓட்டியது அப்பாவின் ஒரு கேவிஏ மிசின்தான். அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

பயணம் முடிந்து வந்ததும் தாங்கியிலும் காபரேற்றரிலும் உள்ள பெற்றோலை வடித்துவிட்டு வையுங்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைத்துவிடும்; அடுத்த கோடையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் நோகும்.