மன்னார்த்தீவின் வெள்ளமும் மறைந்த நீர்வழிகளும்

மன்னார் மாவட்டத்தின் வெள்ளங்களை ஒரே தன்மையனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. பெருநிலப் பகுதியில், அனுராதபுரப் பிரதேசத்தின் மழைநீரையும் சுமந்துவரும் அருவியாறு கரைகடக்கும்போது வெள்ளம் ஏற்படுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நிகழ்ந்தது இதுவே. தீவிலோ ஆறு எதுவும் இல்லை. அங்குத் தேங்குவது தீவின்மீதே பெய்த மழைநீர். ஆகவே மன்னார் நகரம் நீரில் மூழ்குவதன் காரணத்தைத் தீவின் நில அமைப்பிலும், அந்நிலம் பயன்படுத்தப்பட்ட வரலாற்றிலுமே தேடுதல் வேண்டும்.

ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமான இத்தீவு மணல்மேடுகளாலும் அவற்றிடையே கிடக்கும் தாழ்நிலங்களாலும் ஆனது. வடகீழ்ப் பருவமழை கடுமையாகப் பெய்யுங்கால் நிலத்தடி நீர்மட்டம் மேலெழ, மணல் மேலும் நீரை உறிஞ்ச இயலாதாகின்றது. அவ்வேளை கடல்மட்டமும் உயர்ந்திருப்பின் நீர் வடிவது தாமதமாகும்.

இவ்வியல்பை முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்கள் சான்றாகின்றன. எருக்கலம்பிட்டி என்பதிலுள்ள ‘பிட்டி’ மேட்டைக் குறிக்கும். தாழ்வுபாடு, உப்புக்குளம் ஆகிய பெயர்கள் தாழ்வையும் நீர் தேங்குதலையும் வெளிப்படையாகவே சொல்கின்றன. மேடு குடியிருப்புக்கும் பள்ளம் நீருக்கும் உரியன என்ற பாகுபாடு இப்பெயர்களில் உறைந்துள்ளது எனலாம்.

இப்பாகுபாடு படிப்படியாகவே குலைந்தது. 1914இல் தலைமன்னார் வரை திறக்கப்பட்ட புகையிரதப் பாதையும், பெருநிலத்தோடு தீவை இணைத்த தாம்போதியும், பின்னர் உயர்த்தப்பட்ட வீதிகளும் மக்களுக்கு இன்றியமையாதன. எனினும், போதிய மதகுகளின்றி உயர்த்தப்படும் எந்தப் பாதையும் நீருக்கு அணையாகிவிடும். 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள்ளும், போரினால் இடம்பெயர்ந்த தமிழ் மக்களுள்ளும் பலர் 2009க்குப் பின்னர் மீளக்குடியமர்ந்தனர். நகரின் நிலத்தேவை பெருகியது. பள்ளங்கள் நிரவப்பட்டு மனைகளாயின. ஒருவர் தம் வளவை மண்ணிட்டு உயர்த்த, அயலவர் வளவு குளமாகியது. தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 2020இல் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி மின்திட்டத்தின் பாதைகள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று மக்கள் முறையிடுகின்றனர். 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக எழுந்த போராட்டங்களில் இம்முறைப்பாடும் இடம்பெற்றது. நிலமட்ட அளவீட்டின் மூலம் இதன் உண்மையை ஆராய்தல் அரசின் கடமையாகும்.

அவ்வாறாயின், வாய்க்கால் வெட்டி நீர் முழுவதையும் கடலுக்கு அனுப்பிவிடலாமே எனச் சிலர் கருதக்கூடும். ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. தீவின் கிணறுகளில் ஊறும் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரேயாகும். மழைநீரை முற்றாக வெளியேற்றினால், மார்கழியில் வெள்ளத்திலிருந்து தப்பிய நகரம் ஆடியில் உவர்நீர் அருந்த நேரிடும்.

எனவே வேண்டப்படுவது நீரை விரட்டுவதன்று. அதற்குரிய இடத்தை மீட்டுக் கொடுப்பதாகும். எஞ்சியுள்ள பள்ளங்களை நிரவாது காத்து, பாதைகளுக்குக் கீழே மதகுகளைத் திறந்து, மிகுந்த நீரை மட்டும் கடலுக்கு விடுதல் வேண்டும். எந்த நிலம் நீருக்குரியது என்பதைத் தீவின் ஊர்ப்பெயர்கள் இன்றும் கூறுகின்றன. நகர் அமைப்போர் வரைபடத்தோடு அவற்றையும் வாசிப்பாராக.