தந்தத்தில் செதுக்கிய சிப்பாய்கள்

பிற மாநிலங்களில் வாழும் நாம் அண்டை வீட்டாருடன் சதுரங்கம் ஆட அமர்ந்தால், காய்களின் பெயரிலேயே முதலில் தடுமாறுகிறோம். பலகையின் மூலையில் நிற்கும் காயை நாம் யானை என்போம். இந்தி பேசுவோரும் ‘ஹாத்தி’ என்பர். வங்காளியரோ அதனை ‘நௌகா’, அதாவது படகு, என்று அழைப்பர். அவர்களுடைய யானை குதிரைக்கு உட்புறம் நிற்கும். அதே இடத்தில் இந்தி நாட்டார் ஒட்டகத்தை நிறுத்துவர். ஆயினும் முன்வரிசையில் நிற்கும் சிறு காய் எங்கும் காலாளே. தமிழில் அதற்குச் சிப்பாய் என்ற பெயரும் வழங்குகிறது. அப்பெயருக்கு உரிய சீருடையையும் துப்பாக்கியையும் அணிவித்து, அச்சிறு காயைச் செதுக்கித் தந்தவர்கள் வங்காளத்தின் தந்தச் சிற்பிகள்.

இவர்கள் வாழ்ந்தது முர்ஷிதாபாத்தும் அதனை அடுத்த பெர்ஹாம்பூரும். (ஒடிசாவில் உள்ள அதே பெயருடைய ஊர் வேறு.) நவாப் ஒருவர் காது குடையும் தந்தக் குச்சி வேண்டுமென்று தில்லியிலிருந்து சிற்பி ஒருவனை வரவழைத்தாராம், அவன் தொழில் செய்வதை மறைந்திருந்து பார்த்து, உள்ளூர்ப் பாஸ்கர் குலத்தான் ஒருவன் அக்கலையைக் கற்றுக்கொண்டானாம். இது செவிவழிக் கதையே. ஆனால் பாஸ்கர் என்பார் சிற்பத் தொழிலையே மரபாகக் கொண்டவர் என்பது மெய். 1757-இல் பிளாசிப் போர் முடிந்து, பெர்ஹாம்பூரில் கும்பினியார் படைவீடு கட்டிய பின்னர், நவாபின் இடத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் வாடிக்கையாளராயினர்.

அவர்களுக்காகச் செதுக்கிய காய்களையே இக்காலச் சேகரிப்பாளர் ‘ஜான் கம்பெனி’ காய்கள் என்கின்றனர். ஒரு பக்கம் இந்திய அரசரின் படை. எதிர்ப்பக்கம் கும்பினிப் படை. அரசனும் மந்திரியும் யானை மேல் அம்பாரியில் வீற்றிருப்பர். யானையின் முகபடாம், பாகன் கையிலுள்ள அங்குசம், குதிரை வீரனின் தலைப்பாகை ஆகிய யாவும் விரலளவு தந்தத்தில் தெளிவாகத் தெரியும். சில தொகுதிகளில் வண்ணமும் தீட்டியிருப்பர்.

இவற்றை வைத்து எவரேனும் ஆடியிருப்பரோ என்பது ஐயமே. அம்பாரியின் விளிம்பு ஒருமுறை தட்டினால் ஒடிந்துவிடும். நம் நாட்டவர் ஆடியவை பெரும்பாலும் கடைசலில் உருட்டிய எளிய காய்கள். உருவம் சமைப்பதை விரும்பாத முஸ்லிம்களுக்கும் அவையே ஏற்றவை. உருவக் காய்களோ தாயகம் திரும்பும் துரைமார் வீட்டு அலமாரிக்கு உரியவை.

1851-இல் லண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்குப் பெர்ஹாம்பூர்ச் சிற்பிகள் அனுப்பிய பொருள்களில் ஒரு சதுரங்கத் தொகுதி புகழ் பெற்றது. மெசபொத்தாமியாவின் நினிவே நகரைப் பற்றி லேயார்டு எழுதிய நூலின் படங்களை மட்டும் பார்த்து, அசீரிய வீரர்களைத் தந்தத்தில் வடித்திருந்தனர். தாங்களே சில கருவிகளுடன் அமர்ந்து வேலை செய்வதைக் காட்டும் சிறு உருவத்தையும் உடன் அனுப்பினர். தம் பெயரை எங்கும் பொறிக்காத அச்சிற்பிகள் தம் வடிவத்தையேனும் அனுப்பினார்களே என்று நமக்குத் தோன்றுகிறது. தந்த வாணிகம் இன்று நம் நாட்டில் இல்லை. 1986, 1991 ஆண்டுகளின் சட்டத் திருத்தங்கள் அதனை நிறுத்தின. யானைகளை எண்ணும்போது அதற்காக வருந்த இயலவில்லை.

மீண்டும் அந்த முன்வரிசையைப் பார்ப்போம். கும்பினிப் பக்கத்திலும் துப்பாக்கி ஏந்தி நிற்பவர்கள் நம்மவர்களே. சிற்பியின் கற்பனை அன்று இது. 1857-இல் கும்பினியின் படையினருள் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியர். வங்காளப் படையின் காலாட்களுள் பலர் அயோத்தி, பீகார்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பிழைப்பை நாடித் தம் ஊரை விட்டு வந்தவர்கள்.

அவ்வாண்டு பிப்ரவரி 26-ஆம் நாள், இதே பெர்ஹாம்பூரில், 19-ஆவது காலாட்படையினர் புதிய தோட்டாக்களைப் பற்றிய ஐயத்தால், மறுநாள் பயிற்சிக்கான வெடிச்சாமான்களை வாங்க மறுத்தனர். மீரத்தில் கிளர்ச்சி வெடிக்க இன்னும் பத்து வாரங்களுக்கு மேல் இருந்தன. அவர்களை அடக்கத் தளபதி அன்றிரவு கொணர்ந்து நிறுத்திய குதிரைப்படையினரும் பீரங்கிப்படையினரும் இந்தியரே. இருதரப்பும் சுடவில்லை. சிப்பாய்கள் விடியுமுன் அமைதியாயினர்; பின்னர்க் கட்டளைப்படி பாரக்பூருக்கு நடந்தே சென்றனர். மார்ச் 31-ஆம் நாள் அங்கே அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு, கணக்கைத் தீர்த்து, படைப்பிரிவையே கலைத்து ஊருக்கு அனுப்பிவிட்டனர்.