தொழுகையும் நோன்பும் ஆற்றை சொல்?

ரொறன்ரோவில் வாசிக்கிற எங்கட ஆக்கள் சிலர் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி. ஓர்ஹான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' (தமிழில் ஜி.குப்புசாமி), நகிப் மஹ்ஃபூஸ் எண்டு எடுக்கினம். நாலு அத்தியாயத்தோட நிண்டுபோய், "இஸ்லாம் பற்றிச் சின்னனா ஒரு புத்தகம் சொல்லும், இங்கிலிஷ் எண்டாலும் பரவாயில்லை" எண்டு கேட்கினம். அதுக்கு ஏன் இங்கிலிஷுக்குப் போகவேணும் எண்டுதான் எனக்கு எரிச்சல்.

அடிப்படை கனக்க இல்லை. கி.பி. 570 அளவில் மக்காவில் பிறந்த முகம்மது நபிக்கு நாற்பது வயதளவில் இறைவசனம் இறங்கத் தொடங்குகிறது. முதல் வந்த சொல்லே 'ஓதுவீராக' என்பதுதான். அப்படி இறங்கியவை 114 அத்தியாயங்களாகக் குர்ஆனில் இருக்கு. 622இல் அவர் மக்காவை விட்டு மதீனாவுக்குப் பெயர்ந்தார். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அதிலிருந்துதான். (ஊரை விட்டு வெளிக்கிட்டதை முதலாம் ஆண்டாக வைத்த சமயம். அகதிக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.) 632இல் அவர் மறைந்த பிறகு தலைமை ஆருக்கு எண்ட பிணக்கில் சுன்னி, ஷியா பிரிவு முளைவிட்டது. 680இல் கர்பலாவில் பேரன் ஹுசைன் கொல்லப்பட்ட துயரத்தைப் பாரசீக, உருதுக் கவிஞர்கள் பாடி முடிக்கவில்லை. கடமைகள் ஐந்து: கலிமா, தொழுகை, நோன்பு, சக்காத்து, ஹஜ்.

இதிலை தொழுகையும் நோன்பும் ஆற்றை சொல்? சமண, பௌத்தத் துறவிகளின் 'பள்ளி'தான் பள்ளிவாசலில் இருக்கு. நாங்கள் தேவாரம் ஓதுகிறோம், அவை குர்ஆன் ஓதுகினம்.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துச் சொச்சம் பாட்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலில் பாடத் தொடங்கியது. அரபு நாட்டைப் பாட வந்த மனிசன் கம்பன் வழியில் மழையைப் பெய்வித்து, ஆற்றைப் பெருக்கி, வயலில் உழவரை இறக்கிவிடுகிறார்! வேடனிடம் அகப்பட்ட மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வர நபி பிணை நிற்கிற கட்டம் பள்ளிக்கூடத்தில் படித்த பலருக்கு ஞாபகம் இருக்கும். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல அறிமுகம் இல்லை. பாமுக்கின் ஓவியர்கள் எதுக்குப் பயந்து சாகினம் எண்டு பார்க்கவேணுமெண்டால், 2014இல் திறந்த ஆகா கான் அருங்காட்சியகம் டொன் மில்ஸ் பக்கந்தான். ஷாநாமா ஓவிய ஏடுகள் அவர்களிடம் இருக்கு.

எங்கட ஊரிலையும் குறைவில்லை. முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தவர். இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் வெளியிட்டவர் கண்டிச் சித்திலெப்பை.

பிறகு 1990. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டினம். ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருச் சனத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொன்னார்கள் புலிகள். நகையும் காசும் பறிபோனது. வடக்கு முழுதும் சேர்த்து எழுபதாயிரத்துக்கு மேல். 2002இல் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் இதை அரசியல் தவறு எண்டார். அந்தச் சொல் காணாது எண்டதுதான் என்ர எண்ணம்.

இஸ்தான்புல்லை விளங்கிக்கொள்ள ஆசைப்படுகிற அதே வாசகர்களிடம் சோனகத்தெரு எண்டு தொடங்கிப் பாருங்கோ, கதை உடனை மாறும். 2009க்குப் பிறகு ஒரு பகுதிச் சனந்தான் திரும்பி வந்தது. கன குடும்பங்கள் புத்தளத்திலேயே தங்கிவிட்டன. அங்கை பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் தாய் தேப்பன் சொன்ன ஊர்.