எண்ணிம வாரிசுரிமை

எண்ணிம வாரிசுரிமை என்பது, ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற மின்னஞ்சல்கள், ஒளிப்படங்கள், சமூக வலைத்தளக் கணக்குகள், தனிப்பட்ட உரையாடல்கள் ஆகியன யாரைச் சேரும் என்பது பற்றிய சட்டக் கருத்துரு ஆகும். பெட்டியில் உள்ள கடிதக்கட்டு வீட்டாரின் கைக்கு இயல்பாகவே வந்துவிடும். ஒரு நிறுவனத்தின் வழங்கியில், கடவுச்சொல்லுக்குப் பின்னால் உள்ள கடிதங்கள் அவ்வாறு வருவதில்லை.

பெர்லின் வழக்கு

2012 ஆம் ஆண்டு பெர்லினில் 15 வயதுச் சிறுமி ஒருவர் சுரங்கத் தொடருந்து மோதி இறந்தார். அது விபத்தா தற்கொலையா என்பது தெளிவாகவில்லை. மகளின் பேஸ்புக் உரையாடல்களில் விடை கிடைக்கலாம் எனப் பெற்றோர் எண்ணினர். ஓட்டுநர் இழப்பீடு கோரியதால் அவ்விடைக்குச் சட்ட முக்கியத்துவமும் இருந்தது. தாயிடம் கடவுச்சொல் இருந்தும், கணக்கு 'நினைவுக் கணக்கு' ஆக மாற்றப்பட்டிருந்ததால் அவரால் உள்நுழைய இயலவில்லை.

2015 இல் கீழ் நீதிமன்றம் பெற்றோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சிறுமியுடன் உரையாடியவர்களின் தகவல்தொடர்பு இரகசியத்தைச் சுட்டிக்காட்டி, 2017 இல் மேல் நீதிமன்றம் அதனை மாற்றியது. 2018 சூலை 12 அன்று செருமனியின் கூட்டாட்சி நீதிமன்றம் கணக்கு வாரிசுகளையே சேரும் என முடிவுசெய்தது. நாட்குறிப்பும் கடிதங்களும் வாரிசுகளைச் சேரும்போது எண்ணிம உள்ளடக்கத்தை வேறாகக் கருதக் காரணமில்லை என்பது அதன் வாதம். பின்னர் பேஸ்புக் 14,000 பக்கங்களுக்கு மேற்பட்ட பிடிஎஃப் கோப்பு ஒன்றை மட்டும் அளித்தது. அது போதாது, கணக்கினுள்ளேயே சென்று பார்க்க வழிசெய்ய வேண்டும் என 2020 இல் அதே நீதிமன்றம் கூறியது. சிறுமி இதனை விரும்பியிருப்பாரா என்ற வினாவுக்கு இத்தீர்ப்புகளில் விடை இல்லை.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் 2015 ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. இறந்தவர் முன்னரே இசைவு தந்திருந்தால் ஒழிய, மின்னஞ்சல்களின் உள்ளடக்கம் பொதுவாக வெளியிடப்படுவதில்லை. இந்தியாவில் 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, இறப்புக்குப் பின் தன் தரவு உரிமைகளைச் செயற்படுத்த ஒருவரை நியமிக்க இடமளிக்கிறது.

முன்னேற்பாடுகள்

கூகுள் 2013 இலும், பேஸ்புக் 2015 இலும், ஆப்பிள் 2021 இலும் இவ்வகை நியமன வசதிகளைத் தொடங்கின. கூகுள் வசதியில், கணக்கு 3 முதல் 18 மாதங்கள் வரை பயன்படுத்தப்படாதிருந்தால், பயனர் குறிப்பிட்ட 10 பேர் வரை தரவுகளைப் பெறலாம். கணக்கை முற்றாக அழிக்கவும் பயனர் முன்கூட்டியே பணிக்கலாம். பேஸ்புக்கில் நியமிக்கப்படுபவர் நினைவுப் பக்கத்தைப் பராமரிக்கலாம். தனிச்செய்திகளைப் படிக்க இயலாது. பெர்லின் பெற்றோர் தேடியது அச்செய்திகளையே.