கப்பல் நிற்கும் துறைகள்: நைல் நதிச் சொகுசுப் பயணத்தின் வரலாறு

எகிப்தின் எஸ்னா நகரத்தருகே, நைல் நதிக்குக் குறுக்கே கட்டிய தடுப்பணையில், நான்கைந்து மாடிச் சொகுசுக் கப்பல்கள் வரிசையில் காத்திருக்கும். கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டில் முறை வரும்போதுதான் நுழைய முடியும். அந்த நேரத்துக்காகவே சிறு படகுகளில் வியாபாரிகள் துடுப்புப் போட்டு வந்து சூழ்ந்துகொள்வார்கள். மேசை விரிப்பையும் நீள அங்கியையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, அண்ணாந்து பார்த்து, மேல்தளத்துக்குக் குறி தவறாமல் வீசுவார்கள். பிடித்திருந்தால் பணத்தைப் பையில் போட்டு வீச வேண்டும்; பிடிக்காவிட்டால் துணியையே திருப்பி வீச வேண்டும். பேரம் முழுவதும் உரத்த குரலில் நடக்கும். பூட்டுக் கதவு திறந்ததும் கப்பல் நகர்ந்துவிடும்.

பயணிகளுக்கும் கரைவாழ் மக்களுக்கும் இடையிலான உறவு இன்று பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. மூன்று மாதம் நீடித்த ஒரு நதிப் பயணம் மூன்று நான்கு இரவுகளாகச் சுருங்கியது எப்படி என்று ஆராய்ந்தால் இதன் காரணம் விளங்கும். எந்தக் கோயிலைப் பார்ப்பது, எந்த ஊரைக் கடந்து போவது என்பதைக் கலைச்சிறப்பைவிடப் படகின் தேவையே பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது.

வாடைக்காற்றும் நீரோட்டமும்

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே பாயை விரித்தால் வாடைக்காற்று படகைத் தெற்கே கொண்டுசெல்லும். பாயைச் சுருட்டினால் நீரோட்டம் வடக்கே இழுத்துவரும். பண்டைய எகிப்தியர் தங்கள் சித்திர எழுத்தில் தெற்கே போவதைப் பாய் விரித்த படகாகவும், வடக்கே போவதைப் பாயில்லாத படகாகவும் வரைந்தார்கள்.

இந்த நதிவழியில் தமிழகத்துச் சரக்கும் போயிருக்கிறது. முசிறியிலிருந்து வந்த பொருள்கள் செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் கரையிலுள்ள கொப்டோஸ் நகரை அடைந்து, அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா சென்றதை கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று காட்டுகிறது. செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் குசேர் அல்-கதீமிலும் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. சுற்றுலா தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே நைல் ஒரு வணிகப் பெருவழி.

தஹபிய்யாக்களின் காலம்

1798இல் நெப்போலியன் நடத்திய படையெடுப்பும், அவருடன் சென்ற அறிஞர்கள் 1809 முதல் வெளியிட்ட எகிப்து பற்றிய பெருந்தொகுதிகளும், 1822இல் ஷம்போலியன் சித்திர எழுத்தின் மர்மத்தை அவிழ்த்ததும் ஐரோப்பியரின் ஆவலைத் தூண்டின. குளிர்காலத்தைக் கழிக்க வசதி படைத்தவர்கள் கெய்ரோவில் இறங்கி, ‘தஹபிய்யா’ என்னும் நீண்ட பாய்மரப் படகை மாதக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள். 1849–50 குளிர்காலத்தில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரும் தனித்தனியே இந்த நதியில் போனார்கள்.

பயணத்துக்கு முன் படகை ஆற்றில் மூழ்கடித்துத் தூக்குவது அக்காலத்து வழக்கம். எலியும் பூச்சியும் ஒழிய அது ஒன்றே வழி. ‘ரெய்ஸ்’ எனப்பட்ட தலைவர், மாலுமிகள், சமையற்காரர், மொழிபெயர்த்து வழிகாட்டும் துபாஷி என ஒரு படகில் இருபது பேர்கூட வேலை செய்தார்கள். காற்று விழுந்த நாளில் மாலுமிகள் கரையில் இறங்கிக் கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள்.

பார்க்கும் வரிசையை அப்போது காற்றுதான் வகுத்தது. வாடை வீசும்போது நின்றால் நாள் வீணாகும். அதனால் தெற்கே போகும்போது கோயில்களைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே கடந்து, திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தார்கள். அசியூத்திலும் எஸ்னாவிலும் மட்டும் போகும்போதே நின்றாக வேண்டும். மாலுமிகள் வாரக்கணக்கில் உண்ணும் ரொட்டியைச் சுட்டு எடுத்துக்கொள்ள ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளில் பயணிகள் கடைத்தெருவையும் அடுப்படியையும் பார்த்தார்கள்.

அமீலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1873–74இல் ‘ஃபிலே’ என்ற தஹபிய்யாவில் போனார். தெற்கே நூபியாவிலுள்ள அபு சிம்பெல் கோயில்களருகே மட்டும் பதினான்கு நாள் தங்கினார். அங்குள்ள அரசன் இராம்சேஸின் பேருருவம் ஒன்றின் முகத்தில், முன்பு யாரோ அச்செடுத்தபோது ஒட்டிய வெள்ளைச் சாந்து திட்டுத்திட்டாக இருந்தது. படகின் கம்பங்களையும் துடுப்புகளையும் கட்டிச் சாரம் அமைத்து, மாலுமிகளை ஏற்றிச் சாந்தைச் சுரண்டச் செய்தார். எஞ்சிய வெள்ளைக் கறையைக் கல்லின் நிறத்துக்குக் கொண்டுவரக் காப்பிக் கஷாயத்தைப் பூசினார்கள். இன்றைய தொல்லியல் நெறிக்கு இது ஒவ்வாத செயல்தான். ஆனால் ஒரு சிலையின் முகத்தை அவ்வளவு நாள் உற்றுப் பார்த்தவர்தான் 1882இல் எகிப்து அகழாய்வு நிதியம் தோன்றக் காரணமானார்.

இன்னும் நீண்டகாலம் தங்கியவர் லூசி டஃப் கார்டன். காசநோய்க்கு வெப்பம் தேடி வந்து, லக்சர் கோயில்மேல் நின்ற ஒரு வீட்டில் 1860களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். அவருடைய கடிதங்களில் கோயில்களைவிட மக்களே நிறைந்திருக்கிறார்கள்: வரிக்கொடுமை, கட்டாய உழைப்பு, நோய், கல்யாணம். தங்கிய காலம் நீண்டதால் கண்ணில் பட்ட பண்பாடு அது.

நீராவியும் கால அட்டவணையும்

சூயஸ் கால்வாய் திறந்த 1869இல் தாமஸ் குக் தம் முதல் எகிப்துப் பயணக் குழுவை அழைத்து வந்தார். அடுத்த ஆண்டே அவருடைய நிறுவனம் எகிப்து அரசின் நைல் நீராவிக் கப்பல்களுக்குப் பயணிகளைச் சேர்க்கும் முகவரானது. அவர் மகன் ஜான் மேசன் குக் தொழிலை விரிவாக்கினார். 1884இல் சூடானின் கார்ட்டூமில் முற்றுகைக்குள்ளான ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் கார்டனை மீட்க ஆங்கிலேயப் படை புறப்பட்டபோது, படைவீரர்களையும் சரக்கையும் நைல் வழியே ஏற்றிச்சென்றது குக் நிறுவனம். பிறகு 1886 முதல் தன் சொந்தக் கப்பல்களை மிதக்கவிட்டது.

கெய்ரோவிலிருந்து அஸ்வான் போய்த் திரும்ப இருபது நாள். எந்த நாள் எந்தக் கோயில், கரையில் எத்தனை மணி நேரம், எப்போது கழுதைச் சவாரி, எப்போது சாப்பாடு என எல்லாம் முன்பே அச்சாகியிருந்தது. காற்றின் கையிலிருந்த அதிகாரம் அட்டவணையின் கைக்கு வந்தது. 1890இல் வாலிஸ் பட்ஜ் என்ற அறிஞரைக் கொண்டு பயணிகளுக்கென ஒரு வழிகாட்டி நூலையும் நிறுவனம் எழுதுவித்தது. கப்பல் எங்கே நிற்கும் என்பதோடு, அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதும் ஒரே இடத்தில் முடிவானது.

இதனால் நன்மையும் விளைந்தது. பெருஞ்செல்வருக்கு மட்டும் கிட்டிய பயணம் நடுத்தர வருவாயுள்ள ஐரோப்பியருக்கும் எட்டியது. 1898இல் இருப்புப்பாதை லக்சரை எட்டியது. 1907இல் அங்கே ‘விண்டர் பேலஸ்’ ஓட்டல் திறந்தது. 1922இல் துட்டன்காமன் கல்லறை கண்டெடுக்கப்பட்டதும் கூட்டம் பெருகியது. துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி 1933இல் ‘சூடான்’ என்ற நீராவிக் கப்பலில் பயணம் செய்தார். அவருடைய ‘டெத் ஆன் தி நைல்’ நாவல் 1937இல் வெளியானது. ‘சூடான்’ கப்பல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் ஓடுகிறது.

அணை மாற்றிய நதி

1902இல் அஸ்வானில் கட்டிய முதல் அணையே ஃபிலே தீவின் ஐசிஸ் கோயிலை ஆண்டின் பெரும்பகுதி நீரில் நிற்கவைத்தது. பயணிகள் தூண்களுக்கிடையே படகு விட்டுப் பார்த்தார்கள். 1960இல் தொடங்கி 1970இல் முடிந்த உயர் அணையாலோ அஸ்வானுக்குத் தெற்கிலுள்ள நூபியாவே மூழ்கும் நிலை வந்தது. 1960இல் யுனெஸ்கோ உலகநாடுகளிடம் உதவி கோரியது. அபு சிம்பெல் கோயில்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்துண்டுகளாக அறுத்து, 1964–68இல் சுமார் 65 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் பின்னே மீண்டும் கட்டினார்கள். ஃபிலே கோயில் அருகிலுள்ள அகில்கியா தீவுக்கு மாறி 1980இல் திறக்கப்பட்டது. இந்த முயற்சியின் அனுபவமே 1972இல் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை உருவாக ஒரு தூண்டுகோல்.

கற்களைக் காப்பாற்ற உலகம் திரண்டது. அதே ஆண்டுகளில் எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் நூபியர்கள் வீடு வாசலை, பேரீச்சந்தோப்பை, முன்னோர் கல்லறையை விட்டு வெளியேறினார்கள். எகிப்துப் பகுதியைச் சேர்ந்தவர்களை கோம் ஓம்போ அருகே நதியை விட்டு விலகிய புதுக் குடியிருப்புகளில் அமர்த்தினார்கள். நதியை நம்பி வாழ்ந்த மக்களுக்கு நதிக்கரை இல்லாமல் போனது.

இன்றைய சொகுசுக் கப்பலின் வடிவமும் அந்த அணை தந்ததுதான். வெள்ளமும் வறட்சியும் கட்டுக்குள் வந்ததால் பெரிய கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓட முடிந்தது. அணையைத் தாண்டி அவை தெற்கே போக முடியாததால் அஸ்வான் கடைசித் துறையானது. அபு சிம்பெலுக்கு இப்போது சாலை, விமானம், அல்லது அணைக்குப் பின்னே உருவான நாசர் ஏரியிலுள்ள தனிக் கப்பல்தான் வழி. 1990களில் பாதுகாப்பு அச்சத்தால் கெய்ரோ–லக்சர் கப்பல் பயணமும் நின்றுபோய், 2012இல்தான் திரும்பத் தொடங்கியது. இரு முனையும் வெட்டுண்ட நிலையில், லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையிலுள்ள சுமார் 200 கிலோமீட்டரே ‘நைல் பயணம்’ என்று பெயர்பெற்றது. எட்ஃபு ஹோரஸ் கோயிலும், முதலைத் தெய்வம் சோபெக்கின் கோம் ஓம்போ கோயிலும் உலகப் புகழ் பெற்றன. கெய்ரோவுக்கும் லக்சருக்கும் இடையிலுள்ள, அவற்றைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான பெனி ஹசன் கல்லறை ஓவியங்களைப் பார்ப்பவர் சிலரே.

திரும்பிய பாய்மரம்

அண்மைக் காலத்தில் தஹபிய்யாக்கள் மீண்டும் வந்திருக்கின்றன. பத்து இருபது பேர் மட்டும் ஏறும் இந்தப் படகுகளுக்குப் பெரிய துறை தேவையில்லை. எந்தக் கரையிலும் ஒதுங்கும். அதனால் எல்-காப் கல்லறைகளும், பல கோயில்களுக்கு மணற்கல் கொடுத்த சில்சிலா மலைக் குவாரியும், பெயரறியாத கிராமங்களும் பயணத்துக்குள் வருகின்றன. அஸ்வானில் 1997இல் திறந்த நூபிய அருங்காட்சியகம் மூழ்கிய ஊர்களின் வாழ்வைச் சொல்கிறது. நான்கு இரவுப் பயணத்திலும் அதற்கு ஒரு மாலை ஒதுக்க முடியும்.

எஸ்னாவில் தெருமட்டத்துக்குச் சுமார் ஒன்பது மீட்டர் கீழே க்னூம் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் படிந்த கரியை எகிப்திய, ஜெர்மானிய வல்லுநர்கள் 2018 முதல் துடைத்தெடுக்க, கூரையிலிருந்த பழைய வண்ணங்கள் வெளிப்பட்டுள்ளன. நதிக்கரையிலிருந்து சிறிது நடந்தால் போதும். ஆனால் பல கப்பல்களின் நிரலில் இந்தக் கோயில் இல்லை. எஸ்னா என்றால் அவற்றுக்கு நீர்ப்பூட்டு மட்டுமே. நைல் பயணத்துக்குப் பணம் சேர்த்துவைக்கும் வாசகர்கள் முன்பதிவு செய்வதற்கு முன் அறையின் வசதியைக் கேட்பதோடு, எஸ்னாவில் கரையிறங்க நேரம் தருவார்களா என்றும் கேட்க வேண்டும்.