'டெங்கு' என்னும் பெயரும் நோயும்: தொடக்ககால நோயறிதல் குறித்த ஒரு மறுநோக்கு

டெங்குக் காய்ச்சலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1779, 1780 ஆகிய இரண்டு ஆண்டுகளிலிருந்தே தொடங்குவர். முதலாவது, இன்றைய ஜகார்த்தாவாகிய பட்டாவியாவில் டேவிட் பைலன் என்னும் அறுவை மருத்துவர் பதிவு செய்த காய்ச்சல். இரண்டாவது, பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ் கண்டு 1789இல் நூலில் வெளியிட்ட காய்ச்சல். இவ்விரண்டும் ஒரே நோய்தானா என்பதே இக்கட்டுரையின் வினா.

பைலன் தம் நோயையே விவரித்தவர். மே 25ஆம் நாள் மாலை ஐந்து மணியளவில் நண்பர் இருவருடன் உரையாடிக்கொண்டிருந்தபோது வலக்கையில் வலி தோன்றியது. அது முன்கை மூட்டுகளின் வழியே தோள்வரை ஏறி உடலெங்கும் பரவியது. இரவு ஒன்பது மணிக்குள் கடுங்காய்ச்சலுடன் படுக்கையில் வீழ்ந்தார். ஐந்து நாள்களில் எழுந்து நடமாடினார் எனினும், மூன்று வாரம் கழிந்த பின்னும் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. காலையில் எழுந்தவுடன் நடக்கவும் படியேறவும் அவரால் இயலவில்லை. அவ்வூர் டச்சுக்காரர் இந்நோய்க்கு மூட்டுக் காய்ச்சல் என்றே பெயரிட்டிருந்தனர்.

ரஷ் காட்டும் நோய் வேறு வகையினது. தலை, முதுகு, இடுப்பு ஆகியவற்றில் பொறுக்கவொண்ணா வலி. சிலருக்கு மூன்றாம் அல்லது நான்காம் நாளில் தடிப்பு. காய்ச்சல் தணிந்தபின் நெடிய சோர்வு. மக்கள் இதனை எலும்பு முறிக்கும் காய்ச்சல் என்றனர். தேறிவரும் நிலையிலும் கண்ணீர் விட்ட இளம்பெண் ஒருத்தி, இனி இதனை நெஞ்சு முறிக்கும் காய்ச்சல் என்று அழைக்கலாமே என்றாளாம். ஆய்வாளர் எளிதில் கடந்துவிடும் இச்சிறு குறிப்பு, நோயறிதலுக்குப் பெரிதும் பயன்படுவது. ரஷ் எஞ்சியதாகக் காட்டுவது மனத்தளர்ச்சி. பைலனிடம் எஞ்சியது மூட்டுவீக்கம்.

இவ்வேறுபாட்டை முதன்மைப்படுத்தி 1971இல் விரிவாக எழுதியவர் டொனால்ட் கேரி. பைலன் கண்டது டெங்கு அன்று, சிக்குன்குனியாவாக இருத்தல் கூடும் என்பது அவர் முடிபு. அவர் வாதம் அத்துடன் நிற்கவில்லை. 1827–28இல் கரீபியத் தீவுகளில் பரவிய கொள்ளைநோயின்போதே 'டெங்கு' என்னும் பெயர் வழக்கூன்றியது. அதன் மூலம் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் சுவாகிலிச் சொல்லாகலாம் என்பது பலர் கருத்து. அக்கொள்ளைநோயிலும் நெடுநாள் நீடித்த மூட்டுவலியே மேலோங்கியிருந்தது. எனவே ஒரு நோய்க்குப் பிறந்த பெயரை மற்றொரு நோய் கைக்கொண்டது என்றாகிறது. 1952–53இல் தாங்கனீக்காவின் மக்கோண்டே மேட்டுநிலத்தில் அம்மூட்டுநோய் மீண்டும் அறியப்பட்டபோது, தன் பழைய பெயர் பறிபோன நிலையில், உடலை வளையச்செய்வது என்னும் பொருளுடைய மக்கோண்டே மொழிச் சொல்லைப் புதுப்பெயராகப் பெற்றது.

இதனை உய்த்துணர்வு மட்டுமே என ஒதுக்குவோர் உளர். 1928இல் ஏதென்சில் பரவியது டெங்குவே என்பதைப் பிற்காலத்தில் முதியோர் குருதியில் கண்ட நோயெதிர்ப்புப் பொருள்கள் உறுதிப்படுத்தின. 1779க்கு அத்தகைய சான்று கிடைக்க வழியில்லை. ஆயினும் கேரி ஏட்டளவில் மட்டும் இரு நோய்களையும் அறிந்தவர் அல்லர். 1964இல் வேலூரில் சிக்குன்குனியா பரவியபோது டெங்குவும் உடன் உலவியது. அதனை ஆராய்ந்த குழுவில் அவர் ஒருவர். ஒரே ஊரில், ஒரே பருவத்தில் இரண்டையும் கண்ட பட்டறிவே பழைய ஆவணங்களை ஐயத்துடன் படிக்க அவரைத் தூண்டியிருக்கும் என்பது என் கருத்து.

1962–64 காலத்தில் பாங்காக் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடமும் இவ்விரு நோய்களும் ஒப்பிடப்பட்டன. கைப்பட்டையை இறுக்கித் தோலில் செம்புள்ளி தோன்றுகிறதா எனக் காணும் சோதனை இரண்டிலும் நேர்மறையாக அமைந்தது. ஆகவே அச்சோதனையைக் கொண்டு மட்டும் நோயைப் பிரித்தறிய இயலவில்லை. சிக்குன்குனியாவில் காய்ச்சல் திடீரெனத் தோன்றி விரைவில் தணிந்தது, மூட்டுவலி மிகுந்தது. அதிர்ச்சிநிலையோ டெங்குவுக்கே உரியதாயிருந்தது. உயிரிழப்புக்கு இட்டுச்செல்லும் இந்நிலை, 1954இல் மணிலாவிலும் 1958இல் பாங்காக்கிலும் குருதிக்கசிவுக் காய்ச்சல் பரவிய பின்னரே மருத்துவ உலகின் முழுக் கவனத்தையும் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் 'டெங்கு'க் கொள்ளைநோய்கள் அனைத்தையும் டெங்குவெனவே கொண்டால், நூறாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் உயிர்க்கேடின்றி உலவிய நோய் திடுமெனக் கொடியதாயிற்று என்னும் பிழையான தோற்றம் உண்டாகும்.

சென்னை மாகாணத்துக்கும் இது பொருந்தும். 1871–73 பரவலின்போது, 1872இல் சென்னையை அடைந்த காய்ச்சலை அன்றைய மருத்துவர் டெங்கு என்றே குறித்தனர். அதனை அவர்கள் இட்ட பெயராகக் கொள்ளலாமேயன்றி நோய்முடிபாகக் கொள்ளலாகாது. அப்பதிவுகளைப் படிக்கும் ஆய்வாளர் முதலில் தேட வேண்டுவன, காய்ச்சல் நின்றபின் விரல்களும் மணிக்கட்டும் கணுக்காலும் எத்தனை வாரம் மடங்காமல் இருந்தன என்பதைச் சொல்லும் வரிகளே.