மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பெற்றோல் செட்டுகளின் நிலத்தடித் தாங்கிகள் வற்றின. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அரசாங்கம் தடுத்த பொருட்களின் பட்டியல் நீண்டது: பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று அது போகும். ஆனையிறவுப் பாதை அடைபட்டது. தெற்கே போகவேண்டியவர்கள் பின்னர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த ஒரு நிலப்பரப்பில் பெற்றோல் இல்லை.

ஆனாலும் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடவைத்த அறிவு கராஜ்காரர்களின் கையோடும் காதோடும் இருந்தது. பாடப்புத்தகத்தில் ஏறாத அந்த அறிவை ஈழத்தமிழரின் தொழில்நுட்ப வரலாறு என்றே சொல்லவேண்டும். அதற்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

குடாநாட்டின் கார்களில் பல அப்போதே வயதானவை. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பிரித்தானியாவிலிருந்து வந்து இறங்கியவை. 1960களில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் இலங்கை இறக்குமதியை இறுக்கியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதுதான் வழி. வைத்தியரும் கடைமுதலாளியும் வாங்கிய கார், பிறகு கைமாறி வாடகைக் காராகும். கிடைக்காத உதிரிப்பாகம் கடைச்சல் பட்டறையில் பிறக்கும். 1977க்குப் பிறகு வந்த யப்பான் கார்கள் ஓட்ட இலகுவானவை, குறைவாகக் குடிப்பவை. கிழட்டு ஒஸ்ரினை அவற்றோடு வைத்துப் பார்க்க ஆளில்லை. தடை வந்ததும் மதிப்பு தலைகீழானது.

காரணம் இயந்திரத்துக்குள் இருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு. அதை அதிகம் அழுத்தினால் கலவை தன்பாட்டில் வெடித்து இயந்திரம் ‘டக் டக்’ என்று இடிக்கத் தொடங்கும். அப்படியே ஓடினால் பிஸ்ரன் தாங்காது. புதிய இயந்திரங்கள் கூடுதலாக அழுத்துபவை. ஒஸ்ரின் ஏ-40 கலவையை ஏழு மடங்குக்குச் சற்று மேல் மட்டுமே அழுத்தியது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரும் அதன் பின்விளைவும் 1953 வரை பிரித்தானியாவை ‘பூல்’ பெற்றோல் என்ற தரங்குறைந்த ஒரே வகையோடு கட்டிப்போட்டிருந்தன. அந்த மட்டமான எண்ணெயைச் சகிக்கும்படி செய்த இயந்திரங்கள் அவை. ஒரு நாட்டின் போர்க்காலத் தட்டுப்பாட்டுக்காக அமைந்த குணம், நாற்பது ஆண்டு கழித்து இன்னொரு போர்க்காலத்தில் கைகொடுத்தது.

இன்னொரு சிக்கல், மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்துக்குள் அது துளியாகவே போய் விழும். பிளக்கில் பொறி பறந்தாலும் பற்றாது. இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகுதான் எரியும். ஆகவே தொடக்கிவைக்க மட்டும் பெற்றோல் வேண்டும்.

காலையில் ஒரு வாடகைக் காரை எடுப்பது இப்படித்தான் நடக்கும். பொனற் திறபடும். காபரேற்றரின் வாயைத் தொடக்கூடியதாகக் காற்று வடிகட்டி கழற்றியிருக்கும். ஒரு சிறிய மருந்துப் போத்தலில், தங்கம் போலக் காத்துவைத்த பெற்றோல். சாரதி அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விடுவார். முன்னால் நிற்பவர் கைப்பிடிக் கம்பியைச் செருகி ஒரே வீச்சாகச் சுழற்றுவார். பற்றறி தடைசெய்யப்பட்ட ஊரில் அந்தக் கம்பி பெரும் சொத்து. சோர்ந்துபோன பற்றறிக்கு ஸ்ராற்றரைச் சுற்றும் வலு இராது. பொறிக்கு வேண்டிய மின்னை மட்டும் எப்படியோ கொடுக்கும், மிச்சத்தை மனிதக் கை செய்யும். கம்பி செருகத் துளையே இல்லாத காரைத் தள்ளித்தான் தொடக்கவேண்டும். இயந்திரம் இருமி, நின்று, மறுபடி இருமி, மேலும் சில துளி வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். தாங்கியிலிருந்து வரும் மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டதும் வெண்புகை கிளம்பும். தெருவில் மணம் நெடுநேரம் நிற்கும்.

வழியில் எங்கே நிறுத்துவது என்பதும் கணக்கு. சூடு ஆறுமுன் திரும்பி எடுத்தால் பெற்றோல் ஒரு சொட்டும் தேவையில்லை. ஆறவிட்டால் போத்தல் திறக்கவேண்டும். நிறுத்தாமல் ஓடவிட்டால் மண்ணெண்ணெய் வீணாகும். வைத்தியசாலை வாசலில் நோயாளியை இறக்கும் சாரதி இந்த மூன்றையும் ஒரு கணத்தில் எடைபோட்டு முடிவெடுத்தார்.

இயந்திரமும் இதற்கு விலை கொடுத்தது. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வழிந்து இயந்திர எண்ணெயோடு கலக்கும், எண்ணெய் தண்ணீர்போல் இளகும், தேய்மானம் கூடும். பிளக்கில் கரி படியும், அடிக்கடி கழற்றிச் சுரண்டவேண்டும். இடிக்காமல் இருக்கப் பொறியின் நேரத்தைப் பின்தள்ளி வைப்பார்கள்; அதனால் இழுவை குறையும். இதையெல்லாம் அளக்கக் கருவி இல்லை. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் விநியோகியை இம்மியளவு திருப்பி நிறுத்திய கைகள் அவை.

இந்த வித்தை வானத்திலிருந்து விழவில்லை. உரும்பிராயிலும் கோப்பாயிலும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றுநீர் இறைத்த சிறிய பம்புகள், பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. கரையோரத்தில் வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களும் அப்படியே. தோட்டக்காரரும் மீனவரும் பழகியிருந்த வழக்கத்தைக் கராஜ்காரர்கள் காருக்குக் கொண்டுவந்தார்கள். உலகத்துக்கும் இது புதிதில்லை. பிரித்தானிய உழவர்கள் 1949இல் வந்த பேர்கசன் ரீ.ஈ.டி. 20 உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவான எண்ணெயில் ஓடினார்கள். இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் தட்டுப்பட்டபோது மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் கரிவாயுக் கலம் செய்து பேருந்துகளை ஓடவைத்தார். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவை இயந்திரத்துக்குள் இழுக்கும் ஏற்பாடு அது. ஆனால் அங்கெல்லாம் அரசும் நிறுவனமும் பின்னால் நின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு குறடும் அனுபவமும்தான்.

உண்மையான நெருக்கடி மண்ணெண்ணெயும் குறைவாகவே வந்தது என்பதில் இருந்தது. அளந்து வந்ததைப் பல வாய்கள் பங்குபோட்டன. மின்சாரம் இல்லாத வீட்டில் விளக்குக்கு அது வேண்டும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறு திரியும் வைத்து, சில துளிகளில் ஓரிரவைக் கடத்தும் விளக்கைச் சனங்களே செய்துகொண்டார்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். தோட்டத்துப் பம்புக்கும் அது வேண்டும், இல்லையேல் பயிர் வாடும். வள்ளத்துக்கும் வேண்டும். கார் இந்த வரிசையில் கடைசி. எரிபொருள் சிக்கனம் என்றால் மற்ற ஊர்களில் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கேள்வி. இங்கே ஒரு பயணம் எத்தனை இரவின் வெளிச்சத்துக்குச் சமம் என்ற கேள்வி. அதனால் நோயாளி, பிள்ளைப்பேறு, கலியாணம், செத்தவீடு என்று அவசியமானதற்கே கார் எடுபட்டது. மற்றதெல்லாம் சைக்கிளில். விறகும் நெல்மூட்டையும் நோயாளியும்கூடச் சைக்கிளில் போயின. அதன் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். நடந்தவர்களும் சைக்கிள் உருட்டியவர்களும் உழவு இயந்திரங்களும் ஒரே வழியில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. அடுத்த ஆண்டு குடாநாடு இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எரிபொருள் கப்பலில் வந்தது. 2002 ஏப்ரலில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்தபோது பெற்றோல் தாராளமாகவே வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடுண்டது. 2009 வரை மறுபடி தட்டுப்பாடு.

பிறகு 2022இல் முழு இலங்கையுமே பெற்றோலுக்குத் தவித்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து, எண்ணெய்க் கப்பலுக்குக் காசில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர், ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. செட்டுக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது: கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. கொழும்பில் கார் வைத்திருந்தோரிலும் பலர் சைக்கிள் வாங்கினார்கள்.

அந்த நெருக்கடியில் மண்ணெண்ணெயைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. நெடுங்காலம் சலுகை விலையில் விற்ற அது, 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. காருக்குக் கியூஆர் இருந்தது; வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்களுக்கோ ஒருநாள் தொழிலுக்கே பல லீற்றர் மண்ணெண்ணெய் வேண்டும். அது கிடைக்காமலும், கிடைத்தாலும் வாங்கிக் கட்டுப்படியாகாமலும், வடக்கின் கரைகளில் பல வள்ளங்கள் இறக்கப்படாமல் கிடந்தன.